ஆள் வேண்டாத செடிகள்

ஜேடர்பாளையத்துக் கருப்பண்ணனுக்குத் தெரிந்த பயிர் வெற்றிலை ஒன்றுதான். காவிரிக் கரையில் வெள்ளியங்கிரிக் கவுண்டரின் நிலம் அரை ஏக்கராவை வாரத்துக்குப் பிடித்து, அகத்தி போட்டு, அந்த நிழலில் கொடி ஏற்றினார். கிள்ளிய வெற்றிலையில் பாதியைக் கவுண்டர் வீட்டில் சேர்த்துவிட்டு மீதியில் பிழைத்துவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷத்து ஆடி வெள்ளம் அந்தக் கொடிக்காலை வேரோடு வழித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்து பார்த்தால் அகத்தி நின்ற இடத்தில் இடுப்பளவு மணல்.

கவுண்டர் அப்போதுதான் மேட்டில் புது மாடி வீடு கட்டி முடித்திருந்தார். வெள்ளம் அதைத் தொடவில்லை.

"மணல அள்ளி நெலத்தச் சீர் பண்ண ஒரு வருசமாகும் கருப்பா. அதுவரைக்கும் நீ எதுக்குச் சும்மா கெடக்கறே? ஊட்டுக்கு வடக்கால ஒண்ணுமே மொளைக்க மாட்டேங்குது. மருமக சன்னலத் தொறந்தா மொட்டச் செவுருதான் தெரியுது. அங்க நாலு செடி வெச்சு உடு. செடி தானா நின்னுக்கிச்சுன்னா நீ ஆத்தோரம் போயிரு. அந்த எடம் உனக்குத்தான்."

கருப்பண்ணன் வீட்டுக்கு வந்து மனைவி ராசாத்தியிடம் இதைச் சொன்னார். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"செடி நிக்கறவரைக்கும் நீ நிக்கோணும். செடி நின்னா நீ போலாம். நல்லாத்தான் இருக்குது மாமா."

"பண்ணாடி வாய்ல வந்துருச்சு புள்ள. மாத்திப் பேச மாட்டாங்க."

"வெள்ளங்கூட வருமுன்னு வாய்ல சொல்லிட்டா வந்துச்சு?" என்றாள் அவள்.

வடக்குப் பக்கம் என்றால், ஒரு புறம் மாடி வீட்டின் சுவர், மறுபுறம் ஆள் உயர மதில், மேலே பழைய மாமரம் ஒன்று. காலையில் கிழக்குக் கோடியில் மட்டும் இரண்டு நாழிகை வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் நிழல். நிழலைப் பார்த்ததும் கருப்பண்ணனுக்குத் தெம்பு வந்தது. நிழலில்தானே அவருடைய வாழ்வெல்லாம் கழிந்தது?

கொடிக்கால் போடுவது போலவே பாத்தி போட்டார். பாத்திக்கு நடுவே முழங்கால் ஆழம் வாய்க்கால் வெட்டி, கிணற்றிலிருந்து இறைத்துத் தண்ணீரைத் தேக்கினார். வெற்றிலைக்கு அடிமண் காயவே கூடாது. ஒரு நாள் காய்ந்தால் நுனிக்கொழுந்து சொல்லிவிடும். கைக்குப் பழகியதைக் கை செய்தது. பூச்செடி என்று ஊரார் சொன்ன மல்லிகையையும் செம்பருத்தியையும் ரோஜாவையும் கொண்டுவந்து நட்டு, காலையும் மாலையும் இலையெல்லாம் நனையத் தெளித்தார்.

அகத்தியின் நிழல் சல்லடை நிழல், ஆற்றுக் காற்று அதில் புகுந்து புறப்படும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே இரண்டு சுவருக்கு நடுவில் காற்று செத்துக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. மல்லிகை முதலில் மஞ்சளித்தது. மஞ்சளைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். தை பிறப்பதற்குள் ரோஜாவின் அடித்தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. செம்பருத்தி ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதுவும் வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டி, ஒரு பூவும் இல்லாமல், நோயாளி போல மதிலில் சாய்ந்திருந்தது.

"ஏண்டா, செடி வெக்கச் சொன்னனா, ஊறப்போடச் சொன்னனா?" என்று கவுண்டர் சிரித்தார். அவருக்கு அது சிரிப்பு. ஆவணியில் ஆற்றோரம் அகத்தி விதைக்க வேண்டிய பருவம் வந்தபோது, "செடி நிக்கலியேடா, அப்பறம் எப்படிப் போவே?" என்றார். நிலம் அந்த வருஷம் தரிசாகவே கிடந்தது.

கருப்பண்ணன் பிடிவாதக்காரர். இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாத நிழலில் எது உயிரோடிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனார். கோயில் மதிலின் வடபுறம், தூர்ந்த கிணற்றின் உள்விளிம்பு, மாந்தோப்பின் நடுப்பகுதி. வேண்டியது கிடைக்காமல் நாமகிரிப்பேட்டை வரைக்கும் ஒருமுறை நடந்து போய் வந்தார். போன இடத்திலெல்லாம் பூவைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார். நிழலில் இலை வெளுத்து, கணுவுக்குக் கணு நீண்டிருந்தால் அந்தச் செடி வெயிலுக்கு ஏங்குகிறது. இலை தடித்து, கறுத்து, நெருக்கமாக இருந்தால் அது நிழலோடு சமாதானமாகிவிட்டது. அப்படிப்பட்டதில்தான் கிளை ஒடித்தார்.

மதிலோரம் மண் ஈரம் தாங்கும். அங்கே நந்தியாவட்டை. ஆனியிலும் அதே பச்சை, தையிலும் அதே பச்சை. இருட்டில் நின்றாலும் நாலு வெள்ளைப்பூ விடும். மாமரத்து வேர் மேலே ஓடுகிற இடம் எப்போதும் வறண்டு கிடக்கும். அங்கே ஆடாதொடையையும், மார்கழியில் ஊதாவாகப் பூக்கிற டிசம்பர்ச் செடியையும் வைத்தார். ஆடாதொடையை ஆடுகூடக் கடிக்காது. காலை வெயில் எட்டிப் பார்க்கிற கிழக்குக் கோடிக்குக் கனகாம்பரமும் இட்லிப்பூவும். கனகாம்பரம் வெயிலில் வெளுக்கும், அரை நிழலில்தான் அதன் நிறம் நிற்கும். காய்ந்த காயில் ஈரம் பட்டால் தானே வெடித்து விதை தெறித்து முளைக்கும். யாரும் நட வேண்டியதில்லை.

யாரும் நட வேண்டியதில்லை, யாரும் ஊற்ற வேண்டியதில்லை என்பதுதான் அவர் தேர்வின் சூட்சுமம். தான் இல்லாமல் நிற்கிற செடி எதுவோ அதை மட்டுமே எடுத்தார். வாய்க்காலைத் தூர்த்து, பாத்தியை மேடாக்கி, மணலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்டு, புரட்டாசி மழையில் நட்டார்.

கவுண்டரின் மருமகள் சௌந்திரம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"இதென்ன கருப்பண்ணா, எல்லாம் எலையாவே இருக்குது?"

"பூவு வருமுங்க. வராத மாசத்துலயும் எல இருக்குமுங்க."

"எலையப் பாக்கவா இம்புட்டுப் பெரிய சன்னல் வெச்சாங்க?" என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்தினாள். "எங்கூட்டுல இந்த மாதிரி நெழல்ல தொட்டி தொட்டியாப் பெரணி வெச்சிருப்போம். மலையிலிருந்து வந்தது. சீப்பாட்ட எல, மெத்துமெத்துன்னு இருக்கும். அண்ணங்கிட்டச் சொன்னா அனுப்புவாங்க. இங்க வருமா?"

வரும். அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான செடியே கிடையாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, காற்றிலேயே ஈரம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் பெரணி தழைத்துக் கிடக்கும். விதைக்கொடியை நாற்றுவிட்டு வளர்த்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் காலையும் மாலையும் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கருப்பண்ணனுக்குத் தெரியும்.

"இங்கத்த வெக்கைக்கு வராதுங்க," என்றார்.

அவள் மறுபடி கேட்கவில்லை.

மறு சித்திரை வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கருப்பண்ணன் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்தார். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு அதுவும் இல்லை. தினமும் விடியலில் வந்து இலையை மடித்துப் பார்ப்பார். ஒன்றிரண்டு கனகாம்பரம் மதியத்தில் தலை தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்தது. நந்தியாவட்டை அசையவில்லை. வைகாசி முழுக்க மதிலோரம் வெள்ளையாய்ப் பூத்தது. சந்தைக்குப் போகிறவர்கள் மதிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆவணி பிறந்ததும் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு கவுண்டரிடம் போய் நின்றார்.

"செடி நின்னுக்கிச்சுங்க, பண்ணாடி. ரெண்டு மாசமா நான் தண்ணியே காட்டல. இனி அதுக்கு ஆளு வேண்டாமுங்க."

"பாத்தேன் பாத்தேன். பெரிய வேலக்காரன்டா நீ. இனி ஆளு வேண்டாமுன்னுதான் நானும் நெனச்சேன்."

"அப்ப ஆத்தோரம் அகத்தி வெதைக்கலாமுங்களா?"

கவுண்டர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்து, மடித்து, வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"அதைத் தங்கச்சி மவன் சின்னுசாமிக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன். நெலம் ரெண்டு வருசமாத் தரிசாக் கெடக்குதே மாமான்னு கேட்டான். என்ன சொல்றது? போன ஆவணியிலயே நீ எறங்கியிருந்தா அவன் வாயத் தொறந்திருப்பானா? நீதான் மொதல்ல வெச்சதைப் பூராத் தண்ணியில கொன்னுபோட்டே."

"பண்ணாடி அந்த எடம் உனக்குத்தான்னு..."

"சொன்னேன். ஆருடா இல்லைன்னா?" அவர் குரலில் கோபமே இல்லை. "வேற எடம் வந்தாப் பாக்கலாம். அதுவரைக்கும் உன்ன இங்க வெச்சுக்கலாமுன்னா, ஆளு வேண்டாமுன்னு நீயே சொல்றே."

கருப்பண்ணன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாகப் போனார். சன்னலில் சௌந்திரம் நின்றாள். உள்ளே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"மாமங்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலாம் கருப்பண்ணா. என்னன்னு சொல்றது? பெரணி வெச்சிருந்தாத் தண்ணி தெளிக்க ஆளு வேணுமின்னு சொல்லியிருப்பேன். நீதான் வராதுன்னுட்டே. பொறந்த ஊட்டுக்குப் போனப்ப அண்ணங்கிட்டக் கேட்டேன். இங்க நல்லா வருமாம்," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

ராசாத்தி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "ஊரு ஒலகத்துல அவனவன் தன்னய உட்டா வேல நடக்காதுன்னு காட்டிப் பொழைக்கறான். நீ நானில்லாட்டியும் நடக்குமுன்னு காட்டறதுக்கு ரெண்டு வருசம் பாடுபட்டிருக்கே மாமா," என்றாள். "சின்னுசாமி ஊட்டுல அகத்திக்கு மண்ணு வெட்டக் கூலிக்கு ஆள் கூப்படறாங்களாம். நாளைக்கு எனக்கும் சேத்துச் சொல்லி உடு."

மறுநாள் காலை இருவரும் ஆற்றோரம் போனார்கள். மணல் அள்ளிய நிலம் கறுப்பாக, பதமாக விரிந்திருந்தது. சின்னுசாமி நடுவில் நின்றுகொண்டு, பாத்தியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கயிற்றை அங்குமிங்கும் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் காலில் செருப்பு இருந்தது. கொடிக்கால் நிலத்துக்குள் செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள். கோயிலுக்குள் போவது போலத்தான் போவார்கள். கருப்பண்ணனின் அப்பன் இருந்தபோது செருப்போடு வந்த ரெவின்யூ ஆளையே வரப்பில் நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்.

ராசாத்தி அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

கருப்பண்ணனும் பார்த்தார். தன் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

"எந்தக் கோடியிலிருந்து வெட்டட்டுமுங்க?" என்று கேட்டார்.