மிதக்காத முட்டையும் சகாய ஆய்வும்

பெரியவர்கள் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் செய்து பார்த்துவிடுவார்கள்: சிறுவர் பக்கம் நடத்துகிற தொழிலின் ஆபத்தே இதுதான். இதில் அடிபட்டவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கட்சி.

ஐந்து முட்டை

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு வார இதழில் 'செய்து பார்' என்ற பகுதியை எழுதிவந்தேன். நான் படித்தது பி.ஏ. தமிழ். ஆசிரியர் எனக்கு வைத்த பெயர் 'விஞ்ஞானி அண்ணா'. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் உப்பைக் கரைத்தால் முட்டை மிதக்கும் என்று ஒரு வாரம் எழுதினேன். சும்மா இல்லை, கடையில் முட்டை வாங்கி, மிதக்கவிட்டுப் பார்த்துத்தான் எழுதினேன்.

அன்னூரிலிருந்து ஏழாம் வகுப்புக் கலைச்செல்வி அஞ்சலட்டை போட்டிருந்தாள். ஐந்து முட்டை போட்டுப் பார்த்தாளாம். ஐந்தும் அடியிலேயே படுத்துக்கொண்டனவாம். அட்டையை எனக்கு முன்பே ஆசிரியர் படித்துவிட்டார். நிஜ விஞ்ஞானி ஒருவர் சரியென்று சொன்னால் பட்டம் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து நான் வெறும் அண்ணாதான் என்றார். அட்டையின் கடைசி வரியை அவரே வாசித்தும் காட்டினார்: "ஏனுங்கண்ணா, விஞ்ஞானிக்கு நீங்க எங்கீங்க படிச்சீங்க?"

மூன்று பக்கம் குறை

எனக்குத் தெரிந்த விஞ்ஞானி ஒரே ஒருவர், பயிர்ப்பூச்சிகளை ஆராயும் முனைவர். போனபோது முகம் வாடி உட்கார்ந்திருந்தார். தென்னை வண்டு பற்றி அவர் எழுதிய கட்டுரை திரும்பி வந்திருந்தது. ஆய்விதழ்க்காரர்கள் அதை அதே துறை ஆட்கள் இருவரிடம் கொடுத்துக் குறை கேட்பார்களாம், அவர்கள் யாரென்று சொல்லமாட்டார்களாம். அதற்குப் பெயர் சக ஆய்வு. இவருக்கு மூன்று பக்கம் வந்திருந்தது.

இவ்வளவு படித்தவருக்குமா என்றேன். படிப்பு வாசல் வரைக்கும்தான், அப்புறம் ஒவ்வொரு தடவையும் இதுதான் என்றார். என் முட்டைக்குச் சான்று தர மறுத்துவிட்டார். அதை முட்டை போட்டுப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டுமாம். குறை சொன்னது யாரென்று ஊகிக்கக்கூட முடியாதா என்று கிளம்பும்போது கேட்டேன். "மழை பேஞ்ச அன்னிக்கு வண்டு எண்ணுனீங்களான்னு கேக்கறவன் எங்கூட ஹாஸ்டல்ல இருந்தவனேதானுங்க. அப்பவே அப்படி. ஆனா நான் எண்ணலீங்க."

சகாயம்

சக ஆய்வு என்றால் என்ன என்று பக்கத்தில் விளக்கி, எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்த்து, யார் வீட்டு முட்டை, எத்தனை நாள் முட்டை என்று எழுதச் சொன்னேன். 'சகஆய்வு' என்று ஒட்டி வந்ததைப் பிழை திருத்துகிறவர் அக்கறையாகத் திருத்திவிட்டார். 'விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் சகாய ஆய்வு செய்துகொள்வார்கள்' என்று அச்சாகிவிட்டது.

அந்த இதழைக் கையில் பிடித்தபடி கிணத்துக்கடவிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தென்னை வண்டுக்குச் சொந்தமாக ஒரு கஷாயம் காய்ச்சியிருந்தார். நானும் சகாயமாகப் பார்த்து, அவர் படத்துக்குக் கீழே விஞ்ஞானி என்று போட்டுவிட வேண்டுமாம். அது அச்சுப்பிழை, சகாயம் செய்கிற ஆள் இதற்கு உதவமாட்டார், பக்கத்துத் தோப்புக்காரர் தன் மரத்தில் ஊற்றிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்றேன். இதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பக்கத்துத் தோப்பு எம் பங்காளிதுங்க. பத்து வருசமாப் பேச்சில்லீங்க. குறை சொல்றதுக்குன்னா கூப்பிடாமயே வருவானுங்க."

எந்த ஸ்பூன்?

அட்டைகள் இரண்டு கட்டு வந்தன. பிரித்து அடுக்கியதும் விஷயம் தெரிந்தது. கடை முட்டை பெரும்பாலும் மிதந்திருந்தது. வீட்டுக் கோழி அன்றைக்கு இட்டது மூழ்கியிருந்தது. முட்டை பழசாக ஆக உள்ளே ஈரம் குறைந்து காற்று சேரும், எடை குறையும். கலைச்செல்வி வீட்டில் கோழி இருந்தது. எனக்கு முட்டை விற்ற கடையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

புது முட்டைக்கு ஐந்து ஸ்பூன் என்று நானும் செய்து பார்த்து, அவள் பெயரோடு திருத்தம் போட்டேன். ஆசிரியர் இரண்டு கட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் பட்டம் இருக்கட்டும் என்றார். நான்காம் நாள் அன்னூரிலிருந்து அட்டை வந்தது: "மிதந்துருச்சுங்கண்ணா. ஆனா டீ ஸ்பூனா, சோத்துக் கரண்டியான்னு நீங்க போடவே இல்லீங்களே."

ஆசிரியர் விட்டுவைத்த 'விஞ்ஞானி'யை மறுவாரம் நானே எடுத்துவிட்டேன். அன்னூரில் தபால் பெட்டி இருக்கும் வரை, வெறும் அண்ணாவாக இருப்பதற்கே நிறைய உப்புக் கரைக்க வேண்டியிருக்கும்.