சொல்லாமல் வந்த வெல்டர்

எங்கள் தெருவில் அவனை எல்லோரும் வெல்டர் என்றுதான் சொல்வார்கள். வேலை கடல் கடந்து ஒரு கப்பல் கட்டும் தளத்தில். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இரும்பைப் பற்றவைக்க வேண்டும். சட்டைக் காலருக்குள் பொறி விழுந்து விழுந்து, கழுத்து முழுக்க அம்மை போட்டதுபோல் தழும்பு. கொடுத்த தேதிக்குத் திரும்பாவிட்டால் அன்று மாலையே வேறு ஆளை எடுத்துக்கொள்ளும் கம்பெனி.

அவன் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் அவன் அப்பா. பெரியவர் லாரி ஓட்டியவர். கோபம் வந்தால் கைக்கு அகப்பட்டது எதுவோ அதுதான் பிரம்பு. மீசை அரும்பிய வயதில் வெல்டர் கேட்காமல் லாரியை எடுத்துச் சுவரில் மோதிவிட்டான் என்று ஜாக்கிக் கம்பியால் அடித்து அவன் மணிக்கட்டை உடைத்தார். மாவுக்கட்டுப் பிரித்த கையோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். தம்பிக்கும் அதே அடிதான் விழுந்தது. அவன் போகவில்லை. வீட்டு முன்னறையிலேயே மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைத்தான்.

பெரியவருக்கு மறதி நோய் வந்து சில வருடம் ஆயிற்று. நினைவு போயிற்றே தவிர தோள் பலம் போகவில்லை. எதிரே யார் வந்தாலும், டீசல் திருடி விற்ற பழைய கிளீனர் என்று நினைத்து அடிப்பார். முதியோர் இல்லம் இரண்டில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில் சமையல்காரர் பல்லை உடைத்தார், மற்றதில் பக்கத்துக் கட்டில்காரர் விரலைக் கடித்தார். இரண்டு இடத்திலும் அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள், பக்கத்து வீட்டில் இருப்பவள் என்பதால் காலையில் குளிப்பாட்ட நான் போவேன்.

வெல்டருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. அவன் லீவில் வருகிறான் என்றால் தம்பி டாக்டரிடம் கேட்டு அந்த நாட்களுக்கு மட்டும் தூக்க மாத்திரையைக் கூட்டுவான், தொடர்ந்து கொடுத்தால் உடம்பு தாங்காது. பெரியவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைப்பான். வந்த பிள்ளை நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள் தம்பி மனைவி. வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் உள்ள எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே வெல்டருக்குத் தெரிந்த அப்பா, அடித்து ஓய்ந்து, இப்போது சாதுவாகத் தூங்கி வழிகிற கிழவர்.

இந்த முறை அவன் யாருக்கும் சொல்லாமல் வந்து அசத்த நினைத்தான். கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். குடும்பக் குரூப்பில் இருக்கிற உறவுக்காரர்களை எல்லாம் வீடியோ காலில் கூட்டிவிட்டு, ஒரு கையில் போனும் மறு கையில் பெட்டியுமாக நேரே உள்ளறைக்கு வந்து நின்றான்.

அவன் பார்த்தது இது. பெரியவரின் இடது கை பெட்ஷீட் பட்டையால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. தம்பி அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் அவர் தலையை அமுக்கிப் பிடித்திருந்தேன். தலையணையெல்லாம் ரத்தம். அந்த விரல்களுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு இருந்ததும், ரத்தம் தம்பியின் காதிலிருந்து வந்தது என்பதும் வாசலில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

"விடுடா அவர," என்றான் வெல்டர்.

"கையில கண்ணாடி இருக்குண்ணா," என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் இரும்பு ஸ்டூல் அவன் வலது தோளில் இறங்கிவிட்டது. காறையெலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விறகு ஒடிப்பதுபோல் இருக்காது அது, ஈரமான சத்தம். இரண்டாவது அடி என் முழங்கையில் பட்டது. தம்பி சரிந்ததும் பெரியவர் கண்ணாடியோடு எழுந்து வெல்டரின் கன்னத்தைக் கிழித்தார். பிறகுதான் அவன் ஸ்டூலைக் கீழே போட்டான். கட்டிலுக்கடியில் விழுந்த போனிலிருந்து அவர்களுடைய அத்தையின் அலறல் நின்றபாடில்லை.

வீடியோ காலில் யாரோ பிடித்து வைத்த அந்தப் படம் அன்றே எல்லோர் போனுக்கும் போய்விட்டது. பெற்ற அப்பனைக் கட்டி வைத்து நெஞ்சில் ஏறி மிதித்தவன் என்று தம்பிக்குப் பெயர். அந்தக் கிழவியும் கூட்டு என்று எனக்கும் ஒரு பங்கு. கண்ணாடியைப் பற்றி வெல்டர் குரூப்பில் எழுதினான். படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிப்பார்களா என்ன.

ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் தம்பி மனைவி வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றுவிட்டாள். இருவரும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். போகும்போது தம்பி அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான்.

"நீயே பாத்துக்கண்ணா. அடிக்காம, கட்டாம பாத்துக்க."

வெல்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அப்பாவைக் கட்டிய பட்டைகளை எல்லாம் என் கண்ணெதிரே கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டான். லீவு முடிவதற்குள் தம்பி மனம் மாறித் திரும்பாவிட்டால் பெரியவருக்கு ஆள் இல்லை, இவனுக்கு வேலை இல்லை. அது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அப்பாவைச் சாந்தமாக வைத்துக் காட்டினால் தம்பி வெட்கப்பட்டு வருவான் என்று கணக்குப் போட்டிருந்தான்.

மறுநாள் காலை ஊட்டப் போனவனின் மூக்குத்தண்டில் தட்டின் விளிம்பு இறங்கியது. டீசலை எங்கே விற்றாய் என்று பெரியவர் கேட்டார். நான் உங்கள் மகன் என்று இவன் சொன்னான். அது தப்பு. சொல்லச் சொல்ல அவருக்கு வெறி ஏறும், வாயை மூடிக்கொண்டு எட்டி நில் என்று சொன்னேன். கேட்கவில்லை. அடுத்த முறை முன்னங்கையைக் கடித்தார். சதையை விடாமல் பல்லால் கவ்விக்கொண்டு தலையை உதறினார். தாடையின் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்தி நான்தான் விடுவித்தேன். பல் பதிந்த இடத்தில் தோல் மூடிபோல் தொங்கியது.

அதற்கும் அவன் அசரவில்லை. அடுப்பில்தான் அசந்தான். பெரியவர் சமையலறைக்குப் போய், லாரியைக் கிளப்புவதாக நினைத்து காஸ் குழாயைப் பிடுங்கி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. வெல்டர் அடுப்பை அணைத்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவர் பின்னந்தலையால் அவன் உடைந்த மூக்கிலேயே முட்டினார். அவன் அறைந்தான். ஒன்றல்ல. பல வருடத்துக் கோபம் அந்தக் கையில் இருந்தது. "அன்னைக்கு என் கைய ஒடச்சீங்கல்ல," என்று சொல்லிச் சொல்லி அறைந்தான். பெரியவர் மேடை விளிம்பில் விழுந்து புருவம் பிளந்தது. நான் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடித்தது போதும், போய் ஆட்டோ பிடி என்றேன்.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். விழுந்துவிட்டார் என்றான் வெல்டர். டாக்டர் பெரியவரின் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தார், இவன் மூக்கைப் பார்த்தார், தையல் போடத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து வெல்டரே புது பெட்ஷீட்டைக் கிழித்தான். பட்டை குறுகலாக இருந்தது, முடிச்சும் தப்பு. அகலமாகக் கிழிக்கவும், விரல் நுழைய இடம் விட்டுக் கட்டவும் காட்டிக்கொடுத்தேன். கட்டிவிட்டு முன்னறையில் தம்பியின் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு தம்பியைத் தேடிப் போனான். என்னையும் கூட்டிப் போனான், தனியாகப் போனால் கதவு திறக்காது என்று. மன்னிப்புக் கேட்டதைத் தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. அத்தை தினமும் அவன் மனைவிக்குப் போன் போட்டுக் கொலைகாரி என்று ஏசுகிறாள். அவள் வாயை மூடாமல் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்றான்.

"நீ அடிச்சத அத்தைகிட்ட நீயே சொல்லு. அவங்க இவகிட்ட பேசட்டும். அப்புறம் பாக்கலாம்."

அத்தை பெரியவரின் தங்கை. கூப்பிட்டதும் வந்துவிட்டாள், வாசலிலேயே அழுதுகொண்டு. உள்ளே வந்து கட்டைப் பார்த்ததும் அழுகை நின்று வசவு தொடங்கியது. வெல்டர் எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடி, கடி, காஸ், கடைசியில் தன் கை.

"அந்தத் தையல் என்னாலதான் அத்தை. நான்தான் அடிச்சேன்."

"தம்பிக்காகப் பொய் சொல்றே. எங்கண்ணன் தங்கம்டா. அவர மாடு மாதிரி கட்டி வச்சு, பேயாக்கிட்டீங்க."

வேண்டாம் என்று நானும் சொன்னேன். நீ யாருடி குறுக்கே என்று என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். பெரியவர் சாதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தியா என்பதுபோல் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். கொண்டை அவர் கைக்கு வாகாக வந்தது. பற்றி இழுத்து, அவள் நெற்றியைக் கட்டில் சட்டத்தில் மோதினார். டீசலுக்குக் கணக்குக் கேட்டார். மறுபடி மோதினார். நான் விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெல்டர் அவர் முழங்கையில் மணிக்கட்டால் ஓங்கி அடித்தான். கை விட்டது. கொத்து முடி அதோடேயே போயிற்று.

அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீங்கிக்கொண்டே வந்தது. வழுக்கையான இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கட்டுடா," என்றாள். "இறுக்கிக் கட்டு."

"இறுக்கினா கை நீலமாயிடும்," என்றேன்.

"ஆகட்டும்."

நான் விரல் நுழைய இடம் விட்டே கட்டினேன். அத்தை தரையில் உட்கார்ந்தபடியே தம்பி மனைவியைக் கூப்பிட்டுப் பேசினாள். முடி போனதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வாம்மா, உன்ன யாரும் இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க என்றாள். மற்றவர்களுக்குச் செய்தி சொல்ல அவளுக்குத் தனியாக ஆள் வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் குரூப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தம்பியின் தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டார்கள்.

வெல்டர் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். தம்பி அண்ணனோடு பேசவில்லை. சாப்பிடும்போதுகூட மனைவி மூலமாகத்தான் தண்ணீர் கேட்டான்.

மறுநாள் டாக்ஸி வந்து நின்றபோது நாங்கள் பெரியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். தம்பிக்கு ஒரு கைதான் ஆகும். அதனால் வெல்டர் பிடிக்க, நான் தண்ணீர் ஊற்றினேன். பெரியவர் என் கையிலிருந்த குவளையைப் பிடுங்கி வெல்டரின் வாயில் அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் பிடி தளர்ந்தது, பெரியவர் வழுக்கத் தொடங்கினார்.

"இடுப்ப விடாதண்ணா," என்றான் தம்பி. "எனக்கு ஒத்தக் கை."

வெல்டர் விடவில்லை. முதுகில் விழுந்த குத்துகளை வாங்கிக்கொண்டே அவரைத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தான். தம்பி இடது கையால் பட்டையைச் சுற்றினான், இவன் முடிச்சைப் போட்டான். டாக்ஸிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். சட்டை மாற்ற நேரமில்லை. பஞ்சை மடித்து உதட்டில் வைத்து, விமான நிலையம் வரைக்கும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தம்பி வாசல் வரை போகவில்லை. பெரியவருக்கு ஊட்ட ஆரம்பித்திருந்தான். இடது கை பழகாததால் பாதி கீழே சிந்திக்கொண்டிருந்தது.