துக்கம் கேட்கப் போன நேர்முகத் தேர்வு

ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைக்கு நெல் கொண்டுவந்தவர்கள் நெல்லைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டீர்கள். பூசணிக்காய் கொண்டுவந்தவர்கள் பூசணிக்காயை வைத்துவிட்டீர்கள். என் கையில் வயல் இல்லை, அதை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் கொண்டுவந்தது ஒரு சாட்சி, ஆண்டவர் எனக்குச் செய்த ஒரு காரியம். கொஞ்சம் நீளும். என் வாய் எப்படிப்பட்டது என்று கீழ்வேளூர்ப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீட் தேர்வெல்லாம் வராத காலம் அது. மேட்டூரில் தண்ணீர் திறந்தும் நம் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேராத ஜூன் மாதம். வெளியூரில் இருந்த ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரியின் எழுத்துத் தேர்வில் முந்தின வருஷம் தோற்று, வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, இரண்டாம் முறை தேறியிருந்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதகடியில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"இதான் கடைசிம்மா. இந்தத் தடவை கெடைக்கலேன்னா பேசாம பி.எஸ்சி.ல சேர்ந்துடு. இன்னொரு வருஷம் வீட்ல உட்கார வைக்க முடியாது" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. வேறு எதுவாகவும் என்னை நினைத்துப் பார்க்கவே தெரியாது. அன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அந்தக் கல்லூரியில் பாடத்தில் கேள்வி கேட்க மாட்டார்களாம். மனிதர்களோடு எப்படிப் பழகுகிறாய், எப்படிப் பேசுகிறாய், அதைத்தான் பார்ப்பார்களாம். இதைக் கேட்டதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேச்சுல பரீட்சையா? அப்ப மொத சீட்டு நம்ம வீட்டுக்குத்தான். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

அந்தச் சிரிப்பெல்லாம் குருவானவரின் மனைவி, அப்போதிருந்த நம் ஐயரம்மா, வீட்டுக்கு வரும்வரைதான். "எங்க, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரையே வாயால் விற்றுவிட்டு வருகிறவள், மரம் மாதிரி நின்றேன்.

ஐயரம்மா விடவில்லை. தினமும் தான் பாடம் நடத்தும் பள்ளி முடிந்து வந்து சொல்லிக்கொடுத்தார். உள்ளே போனதும் குட் மார்னிங். உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். சும்மா இருக்கவே கூடாது, ஏதாவது பேசிக்கொண்டே இரு. வெளியே வரும்போது தேங்க்யூ. நான் வரப்பில் நடந்தபடியே அதைச் சொல்லிப் பழகினேன். வாத்து மேய்க்க வந்தவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, வாத்துக்கு வணக்கம் சொல்றியா?" என்று கேட்டார். இப்போதும் அந்த வரப்பில் போனால் சிரிப்பு வருகிறது.

தினமும் விடியற்காலையில் அம்மா பால் கறக்கும்போது பக்கத்தில் முழங்கால் போடுவேன். ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, எனக்கு வார்த்தை தாரும்." அம்மா கறந்துகொண்டே ஆமென் சொல்வார்.

அம்மாவும் நானும்தான் ரயிலேறிப் போனோம். கல்லூரியில் வரிசையாக அறைகள். மணி அடித்தால் ஒரு அறைக்குள் போக வேண்டும், அடுத்த மணிக்கு வெளியே வர வேண்டும். முதல் அறையில் மூன்று பெரியவர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள். கேள்வி புரிந்தது, பதில் வரவில்லை. இரண்டாவது அறையில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு காரியத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகள் பொரிந்து தள்ளினார்கள். நான் எஸ், எஸ் என்று தலையாட்டினேன். வெளியே வந்தபோது எனக்கே தெரியும், பாதிக் கப்பல் மூழ்கிவிட்டது.

மூன்றாவது அறையின் கதவில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே இருக்கும் அம்மாவின் மகன் சற்றுமுன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான், அவருக்கு அது தெரியும், நீங்கள் அவரைப் போய்ப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். அந்தக் கடைசி வார்த்தைகளைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, தமிழ்! இதில் பேசி எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று மளமளவென்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினேன். மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

மூலையில் இரண்டு பேர் எழுதுவதற்குத் தயாராக இருந்தார்கள். நடுவில் நாற்காலிகள் இருந்தன. ஆனால் அந்த அம்மா நாற்காலியில் இல்லை. சுவரில் சாய்ந்து, தலைமுடி கலைந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நடிப்புத்தான். எனக்கும் தெரியும். ஆனால் அந்த இருப்பைப் பார்த்ததும் அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ!

நம் பக்கத்துத் துக்க வீடு உங்களுக்குத் தெரியாததா? வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். நாமும் வணக்கம் சொல்ல மாட்டோம். நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வோம். எழுந்து வரும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டோம். சாவு வீட்டில் நின்றுகொண்டு மறுபடி வருகிறேன் என்று யார் சொல்வார்கள்? சின்ன வயதிலிருந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் கால் தானாக மடங்கியது. அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். அவர் முதலில் புலம்பினார், பிறகு அவரும் பேசவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மணி அடித்ததும் எழுந்தேன். அவரிடமும் சொல்லவில்லை, மூலையில் இருந்தவர்களிடமும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கதவு சாத்திய பிறகுதான் சுரீர் என்றது. ஐயையோ, ஒரு வார்த்தை பேசவில்லையே! குட் மார்னிங் இல்லை, தேங்க்யூ இல்லை. பேச்சுப் பரீட்சையில், அதுவும் தமிழில், ஊமையாக இருந்துவிட்டு வந்திருக்கிறேன்!

வெளியே வேப்பமரத்தடியில் இருந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி மவளே! வீட்ல வாய் கிழியப் பேசுவியேடி. அங்க என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த வாயில?"

திட்டிவிட்டு அவரும் அழுதார். கல்லூரிக்குள் இருந்த சிற்றாலயத்துக்குப் போனோம். எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "வார்த்தைதானே கேட்டேன்? தினமும் கேட்டேனே. இருந்ததையும் பிடுங்கிக்கொண்டீரே" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஆலயத்தில் நின்று அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். அன்று என்னிடம் வேறு ஜெபம் இல்லை.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கேயோ ஒரு குடும்பம் எழுந்து நின்று கட்டிக்கொண்டது. அம்மா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். வாசித்தவர் தாளை மடிக்கப் போனார். அப்பா ஊரில் யாருக்கு என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். வாசித்தவர் தாளை மறுபடி பார்த்து, ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்றார். கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல் கடைசியாக என் பெயர் வந்தது. அம்மா எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவில், "ஸ்தோத்திரம் சாமி!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

எப்படிக் கிடைத்தது என்று முதல் வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்தபோதுதான் தெரிந்தது. வார்டில் மருந்து கொடுக்க வந்த சிஸ்டர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானே துக்கம் கேக்க வந்த பொண்ணு?" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த அதே அம்மா! பெயர் ரோஸ்லின். ஊர் முத்துப்பேட்டைப் பக்கம்.

"எத்தனை புள்ளைங்க வந்துச்சுங்க தெரியுமா? ஒண்ணு கவலைப்படாதீங்கன்னுச்சு. ஒண்ணு கடவுள் சித்தம்னுச்சு. ஒண்ணு இன்னொரு புள்ள பொறக்கும்னுச்சு, எனக்கு எந்திரிச்சு அறையலாமான்னு இருந்துச்சு. நீ வந்து உக்காந்த பாரு, அதுக்கப்புறம் எனக்கு நடிப்பு வரலம்மா. சொல்லாம எந்திரிச்சுப் போனியே, அப்பவே நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கடைசியில என்னையும் கேட்டாங்க. உங்க வீட்ல ஒரு சாவுன்னா, இவங்கள்ல எந்த டாக்டர் வந்து பக்கத்துல இருக்கணும்னு. நீ வரணும்னு சொன்னேன்."

நான் ஜுரத்தோடு தேம்பித் தேம்பி அழுதேன். என் வாயைத் திறந்தருளும் என்று கேட்டேன், ஆண்டவர் மூடினார். அதுதான் என் ஜெபத்துக்குப் பதில் என்று அன்றைக்குப் புரிந்தது. இத்தனை வருஷ வைத்தியத்தில், ஒரு வீட்டாரிடம் போய் உங்கள் ஆள் பிழைக்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும்போதெல்லாம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே மட்டும் இந்த வாய் அடங்கும்.

போன ஐப்பசி மழையில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை அறிவீர்கள். நீங்களெல்லாம் வந்தீர்கள். முழங்கால் தண்ணீரில் ஒரு வயதான அம்மா தடியூன்றி வந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். யாரென்று பிறகு கேட்டீர்கள். அவர்தான் ரோஸ்லின் சிஸ்டர். யார் சொல்லித் தெரிந்ததோ! வந்தார், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை நான் அவர் தோளில் சாய்ந்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவர் இல்லை. சொல்லாமல் போயிருந்தார்.

பிரியமானவர்களே, கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று கலங்கி நிற்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். கோபம் வந்தால் ஆண்டவரிடமே சண்டை போடுங்கள், ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் அவர் அப்படியே செய்வார்.

இது பண்டிகை வீடு. இங்கே வாய் நிறையச் சொல்லலாம். போய்ட்டு வர்றேங்க.