கார் எப்படி நின்றது?

செவ்வந்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் சிங்காநல்லூர் சர்வீஸ் ஸ்டேஷனுக்கு வரும் ஒவ்வொரு காரின் குறையும் முதலில் அவள் காதில்தான் விழும். பன்னிரண்டாவது முடித்தவள்; குறை அட்டை எழுதுவது அவள் வேலை. சொன்னவர் சொன்னபடியே எழுதுவாள். ஒரு எழுத்தை மாற்ற மாட்டாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணிக்குள், புதிதாக வந்திருந்த ஒரு மாடலுக்கு மட்டும் ஒன்பது பேர் பிரேக் குறை சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் வெங்கடபதி ஒவ்வொன்றையும் ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். பிரேக் நன்றாகவே பிடிக்கும். ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

பத்தாவதாக வந்தவர் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் நஞ்சப்பன்.

“பெருசா ஒண்ணுமில்லீங்க அம்மணி. பிரேக்கு சித்த எறங்குதாட்ட இருக்குதுங்க. சும்மா பாத்துப்போட்டுக் குடுங்க. நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து, எல்லாருமா மலைக்குப் போறோமுங்க.”

வெங்கடபதி ஒரு ரவுண்டு ஓட்டினார். கையெழுத்தும் போட்டார். சாவியை நீட்டும்போதுதான் செவ்வந்தி காரின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பம்பரில் கரும்புச் சோகை சிக்கியிருந்தது.

“ஏனுங்க, கார் எப்படிங்க நின்னுச்சு?”

நஞ்சப்பன் கூச்சத்தோடு சிரித்தார். “திம்பம் மலை எறங்கி வந்தனுங்க. மிதிச்சா பெடல் தரையோட போயிருச்சு. கரும்புக் காட்டுக்குள்ள உட்டுத்தான் நிறுத்துனேன். அதப் போயி உங்ககிட்டப் பெருசாச் சொன்னா, வேலை செய்யற ஆளுகளுக்குச் சங்கடமா இருக்குமல்லங்க.”

செவ்வந்தி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சாவியை மேசைக்குள் போட்டாள். பழைய அட்டைகளை எடுத்து, ஒன்பது பேருக்கும் ஃபோன் செய்தாள். ஏழு பேர் கிடைத்தார்கள். எல்லோரிடமும் அதே கேள்விதான். ஒருவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாராம். ஒருவர் மைல்கல்லில் முட்டினாராம். ஒருவர் வைக்கோல் போரில். ஏழு பேருக்குமே மலை இறக்கத்தில், மிதித்து மிதித்துச் சூடேறிய பிறகு நடந்தது. ஏழு பேருமே கவுண்டரில் சொன்னது ‘சித்த எறங்குது’. மரியாதைக்குக் குறைத்துச் சொன்னதை அவளும் அப்படியே எழுதியிருந்தாள்.

“சாவியப் புடிச்சு வெக்க நீயென்ன ஓனரா?” வெங்கடபதி சத்தம் போட்டார். “நான் பாத்த வண்டி அது!”

“ஷெட்டுக்குள்ள பாத்தீங்கண்ணா. சூடேறுன பொறகு பாக்கலீங்க. நாளைக்கு அதுல கொழந்தை போகுதுங்க.”

“மருதமலை ஏறி எறங்கிக் காட்டறேன். ஒண்ணுமில்லீன்னா, நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்.”

“மெதுவாப் போங்கண்ணா. ஹேண்ட் பிரேக்கு மேல ஒரு கை இருக்கட்டுங்க.”

பதினொன்றே காலுக்குப் போனார். செவ்வந்தி சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவேயில்லை. தன் வேலை போனாலும் போகட்டும், மனுஷன் முழுசாகத் திரும்பட்டும் என்றிருந்தது. இரண்டரைக்கு ஒரு டெம்போ அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இறங்கிய வெங்கடபதியின் சட்டைக் கை கிழிந்திருந்தது.

அவள் புது அட்டை ஒன்றை எடுத்தாள்.

“சித்த எறங்குது அம்மணி,” என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

“கார் எப்படிங்கண்ணா நின்னுச்சு?”

“முள்ளுவேலி மேல.”

எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். நஞ்சப்பன் நாளைக்கு வேன் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

“மத்தவங்களுக்கும் ஃபோனப் போடு. வண்டிய எடுக்கவே வேண்டாம்னு சொல்லு,” என்றார் வெங்கடபதி.

காலையில் கிடைக்காத அந்த இரண்டு பேருடைய நம்பரைத்தான் செவ்வந்தி முதலில் சுழற்றினாள்.