பதினாலாம் மைல் கேட்

லோர்னா அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மாட்டுப்பண்ணை ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். நடக்கப் பழகியபோதே அவளுக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: கேட்டை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தே கிடக்கட்டும். மாடு தண்ணீருக்குப் போக யாரோ திறந்து வைத்திருப்பார்கள். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது?

வளர்ந்தபின் நெடுஞ்சாலையில் அடிபட்ட மான்களை அள்ளும் வேலை. பன்னிரண்டு வருடம் அள்ளினாள். மான் மட்டுமா? நொறுங்கிய கார்களுக்குள் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். பிறகு சாலையின் இருபுறமும் எட்டடி வேலி வந்தது, மான்கள் கடக்கச் சாலைக்கு அடியில் வழி வந்தது. வேலியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலையானது. அள்ளுவது அநேகமாக நின்றே போனது.

அந்த டிசம்பர் மாலை நாலே கால் மணிக்கு, ஷெட்டில் மேற்பார்வையாளர் கர்ட்டிஸ் அன்றைய வேலி அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டினான்.

"கேட்டெல்லாம் மூடியிருக்கா லோர்னா? இல்ல, மானுக்குப் பத்திரிகை வச்சுக் கூப்பிட்டு வந்தியா?"

"மூடித்தான் இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. காலையில் சாலை வேலியின் பதினாலாம் மைல் கேட் திறந்து கிடந்தது. அதன் வழியே போய் வேலியோரப் பனியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியவள், பார்த்தபடியே அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

பள்ளிப் பேருந்தில் கூடைப்பந்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவள் கணவன் மெர்ல் ஐந்து மணிக்கு அந்த வழியாகத்தான் வருவான். போன் அடித்தாள். ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். எடுக்கக்கூடாதென்று சண்டை போட்டவளே அவள்தான்.

வண்டியை விரட்டினாள். "இன்னிக்கு மட்டும் தாமதமா வாடா, மெர்ல்" என்று வாய்விட்டே கெஞ்சினாள்.

பதினாலாம் மைலில் பொழுது மங்கியிருந்தது. பனியில் குளம்படிகள் உள்ளே வந்திருந்தன, ஒன்றுகூட வெளியே போகவில்லை. வேலிக்குள் மாட்டிக்கொண்ட ஏழு மான்கள் சாலையிலேயே நின்றன. விரட்டினால் பேருந்துக்கு எதிரேதான் ஓடும். வண்டியை ஊரவிட்டு அவற்றைத் தாண்டி, சாலை வளைவுக்கு அந்தப் பக்கம் அதைக் குறுக்கே நிறுத்தி, மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டாள். இறங்கி டார்ச்சை ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

பேருந்து வழுக்கி, அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

மெர்ல் ஜன்னலைத் திறந்தான். "பைத்தியமா உனக்கு? உன் மேலயே ஏத்தியிருப்பேனே!"

"வளைவுக்கு அந்தப் பக்கம் ஏழு மான் நிக்குது. கேட்ட மூடாம விட்டுட்டு வந்தது நான்தான்."

"திறந்து கிடந்துச்சா?"

"ஆமா."

"அப்ப அப்படியே விடறதுதானே முறை?" அவனும் பண்ணையில் வளர்ந்தவன்.

"அந்த முறை மாட்டுக்கு, மெர்ல்!" என்று கத்தினாள். "உள்ள எத்தனை பேரு?"

"பதினாலு."

லோர்னா டார்ச்சைத் தூக்கி, ஜன்னல் ஜன்னலாக எண்ண ஆரம்பித்தாள். பதினாலு முகமும் கணக்கில் வந்த பிறகுதான், மான்களை வெளியே ஓட்டிவிட்டு மூட, கேட்டை நோக்கி நடந்தாள்.