சிவப்பு நூல் கட்டிய தக்காளி

அந்த மாநாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளிநாட்டு விதை கடைகளுக்கு வராத காலம் அது. பாலையூற்றில் எங்கள் வளவில், ஏலத்தில் எடுத்த பழைய யன்னல் கண்ணாடிகளைக் கூரையாகப் போட்டு, மாரி மழை படாமல் தக்காளி வளர்த்தேன். மண் கிடையாது. வாளிகளில் பரல்கல்லும் உரப்பசளை கரைத்த தண்ணீரும்தான். மூன்று போகமாகச் செடிகள் வாடி வாடிச் செத்தன. கடைசியில் ஒன்றே ஒன்று எங்கள் ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கிக் காய்த்தது. அதன் ஐந்து பழங்களை விதைக்கென்று விட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கட்டியதில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மண்ணில்லாமல் பயிர் செய்கிறவர்களுக்கென்று நகரத்தில் மாநாடு வைத்தார்கள்.

"செடியோட கொண்டு வாங்கோ அக்கா. கண்ணாலை பாத்தால்தான் சனம் நம்பும்" என்றார் வரவேற்புக் குழுச் செயலாளர். புத்தி கெட்டுப்போய் ஓம் என்றுவிட்டேன். வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

பிரதம விருந்தினர் வர இரண்டு மணித்தியாலம் பிந்தியது. அதுவரை செடிகளை மண்டபத்துக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, பயிர் செய்கிற எங்களை மாலையோடு வாசலில் நிறுத்தி வைத்தார்கள். ஒருவழியாக உள்ளே வந்து பார்த்தால் செடி மொட்டையாக நின்றது. நூல் ஐந்தும் பரல்கல்லின் மேல் அறுந்து கிடந்தன.

"எங்கை பழங்கள்?"

"ஐயாவின்ரை சாண்ட்விச்சுக்கு வெட்டினது அக்கா. பெரிய ஆளுக்கெண்டு நீங்கள்தான் நூல் கட்டி வைச்சனீங்கள் எண்டு நினைச்சம்" என்றார் செயலாளர், சிரித்தபடி.

படித்த மனிதர். பயிர்ச்செய்கைக்கு மாநாடு நடத்துகிறவர். பஞ்சத்திலும் விதைநெல்லைக் குற்றித் தின்னாத சனம் நாங்கள்; இவர்கள் ஒரு தேத்தண்ணீருக்குத் தின்று முடித்தார்கள். அறைந்துவிடுவேனோ என்று பயந்து சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிரதம விருந்தினர் வாயைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். "எங்கள் சொந்த விதையை நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்றார். மண்டபமே கைதட்டியது. எல்லாரையும் விடச் செயலாளர்தான் கூடத் தட்டினார்.

எழும்பிக் குசினிக்குப் போய், பழத்தின் விதை எங்கே என்று கேட்டேன். சமைக்க வந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனா.

"பாண் ஊறிப்போகுமெண்டு விதையெல்லாத்தையும் வழிச்சு ஊத்திப்போட்டன் பிள்ளை. பின்னாலை கானுக்குள்ளை கிடக்கும்."

நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டும் நல்ல சேலையோடு, கழிவுத்தண்ணீர் ஓடும் அந்தக் கானின் ஓரத்தில் குந்தினேன். தேயிலைச் சக்கைக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே விரலை விட்டு, ஒவ்வொரு விதையாகப் பொறுக்கிக் கைலேஞ்சித் துணியில் போட்டேன். கூட்டம் முடிந்து பிரதம விருந்தினர் காருக்குப் போகிறபோது என்னைக் கண்டு நின்றார். செயலாளர் பதறியடித்து ஓடி வந்தார்.

"அக்கா, எழும்புங்கோ. ஐயா பாக்கிறார். வெக்கமாக் கிடக்கு."

"பாக்கட்டும்" என்றேன், தலையை நிமிர்த்தாமல். "அவர் மேடையிலை சொன்னதைத்தான் செய்யிறன்."