நான் தரம் பிரித்த வெளிச்சங்கள்

போன வருடம் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசிய நாட்களில், திருகோணமலைக் கடற்கரைக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் சூரை மீனின் வாலடியில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்த்தால் போதும், ஏற்றுமதிக்கா உள்ளூர்ச் சந்தைக்கா என்று உடனே சொல்லிவிடுவேன். இறக்கக்கண்டி முதல் இலங்கைத்துறை வரை கேட்டுப் பாருங்கள். இந்தக் கண்ணை வைத்துத்தான் மீன் வியாபாரம் செய்து மாடி வீடு கட்டினேன்.

மகள் பௌதிகம் படித்தவள். வெளிநாட்டுத் தொலைநோக்கிக் குழு ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். வானத்தில் குவாசார் என்று ஒன்று இருக்கிறதாம். பார்வைக்கு நட்சத்திரம் மாதிரிப் புள்ளிதான். ஆனால் நினைத்தும் பார்க்க ஏலாத தூரத்தில் எரிகிறது. தொலைநோக்கி அந்த வெளிச்சத்தை வானவில் மாதிரிப் பிரித்து, ஒரு நெளிகோடாகத் தரும். கொம்பியூட்டர் சந்தேகப்பட்டு ஒதுக்கிய கோடுகளை மனிதர் பார்த்து, குவாசார், நட்சத்திரம், கழிவு என்று குறிக்க வேண்டும். குழு வெளியிடும் குவாசார் பட்டியலில், உழைத்தவர்களோடு தன் பெயரும் வந்தால் மேற்படிப்புக்கு இடம் கேட்கலாம் என்று நாலு மாதமாகக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தாள்.

பின்னால் நின்று பார்த்த எனக்கு இரண்டே நாளில் எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டில் அகலமான மேடு இருந்தால் குவாசார். இதற்கா இவ்வளவு படிப்பு என்று சிரித்தேன்.

ஒரு நாள் காலை மனைவிக்கு மூச்சு முட்டியது. எனக்கு மீன் லொறி வரவிருந்ததால் மகள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். திரை திறந்தபடி கிடந்தது. அன்றைக்குள் முடிக்க வேண்டியவை நிறைய மிச்சம் என்று எனக்குத் தெரியும். லொறியை அனுப்பிவிட்டு, பிள்ளைக்கு உதவுவோம் என்று உட்கார்ந்தேன். மேடு உள்ளதை எடுத்தேன். மங்கலானதையும் குழி விழுந்ததையும் கழிவில் தள்ளினேன். மத்தியானத்துக்குள் முழுவதையும் முடித்து அனுப்பியும் விட்டேன்.

மனைவி சுகமாகி வந்த சந்தோஷத்தில், நான் செய்ததையும் பெருமையாகச் சொன்னேன். மகள் நான் கழிவில் தள்ளியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, இந்தக் குழி விழுந்ததுகள்தான் அருமையான குவாசார்கள். இதுகளைத்தான் நாங்கள் தேடுறம்."

வேறு கை பட்டது தெரிந்தால் அவள் குறித்த எதையுமே குழு எடுக்காதாம். ஆருக்குத் தெரியப்போகுது, பேசாமல் இரு பிள்ளை என்றேன்.

"நீங்கள் பழுதான மீனை நல்ல பெட்டிக்குள்ள வச்சு அனுப்புவீங்களோ?"

அன்றே அவள் குழுவுக்கு உள்ளதை எழுதினாள். நாலு மாத வேலையையும் நீக்கிவிட்டார்கள். இந்த வருடம் பட்டியல் வெளிவந்தது. அவள் பெயர் அதில் இல்லை.

இன்னொரு குழுவில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் தேத்தண்ணி குடிக்க எழும்பினாலும் இப்போது 'டிக்' என்று விசையை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழும்புகிறாள். ஊரே நம்பும் என்னை என் பிள்ளை நம்ப ஏலாமல் நானே செய்துகொண்டேன் என்பது அந்தச் சின்னச் சத்தத்தில் ஒவ்வொரு நாளும் எனக்குக் கேட்கிறது.